ஏப்ரல் 15-லருந்து நான் மாங்கா வண்டிக்காரன்

கடல்ல மீன்புடி தடைக்காலம் ஆரம்பிக்கற ஏப்ரல் 15 வந்துச்சுன்னா, சென்னை காசிமேடு மீன் துறைமுகத்துலருந்து கிருஷ்ணகிரிக்கு மீன் ஏத்தற என் பொலேரோ பிக்கப்பு மீன் வண்டி இல்ல, மாங்கா வண்டி. அதுவும் சும்மா மாறிடாது. பினாயில் ஊத்தி ஒருக்கா, சோப்புத்தூள் போட்டு ஒருக்கா, எலுமிச்சம்பழத் தோல் போட்டுத் தேச்சு ஒருக்கான்னு மூணு தடவ கழுவி, ரெண்டு நாள் வெயில்ல காயவிட்டேன். அப்பவும் இந்த வருசம் மண்டிக்காரர் கிட்ட வந்து மூக்க சுருக்கிட்டு "ஏம்பா, இதுலயா என் அல்போன்சாவ ஏத்தப் போற"ன்னு கேட்டுட்டு பெங்களூரா மாங்கா லோடு மட்டும்தான் குடுத்தார். அது கூழ் ஃபேக்டரிக்குப் போற காய், அதுக்கு வாசனை இருந்தா பரவால்லயாம்.

இத எதுக்கு எழுதறேன்னா, போன வாரம் காவேரிப்பட்டணத்துல ஒரு சொந்தக்காரங்க கல்யாணம். பந்தியில பக்கத்துல உக்காந்த மாமா ஒருத்தர், "உங்க மீன்கார ஆளுங்களுக்கு என்னடா, ரெண்டு மாசம் லீவு, கவர்மெண்டு காசும் குடுக்குது, படுத்துக்கினே சம்பாதிக்கறானுங்க, இங்க மீன் விலைதான் எங்க தலைமேல ஏறுது"ன்னார். சோத்துல கைய வெச்சுக்கிட்டு சண்ட போட முடியல. அதான் இங்க கொட்டறேன்.

மாமா, மொதல்ல லீவுன்னு சொல்லாதீங்க. தடைக்காலம்னு பேரு. நம்ம பக்கத்து கடல்ல 2001-ல ஆரம்பிச்சப்ப 45 நாள், 2017-லருந்து 61 நாள், ஏப்ரல் 15 டு ஜூன் 14. மீன் முட்டை போட்டு பெருகற நேரம்னு விசைப்படகு எல்லாத்தையும் கட்டிப் போட்ருவாங்க. ஃபைபர் படகு, நாட்டுப்படகு கரையோரமா போய்ட்டு வரும், அதுல வர்ற மீன் மெட்ராசுக்கே பத்தாது, கிருஷ்ணகிரிக்கு எங்க வரும். மங்களூரு, மல்பே பக்கம் மே 31 வரைக்கும் ஓடும், அதனாலதான் மே மாசம் நம்ம ரவுண்டானா பக்கம் கடைங்கள்ல கர்நாடகா மீனா கெடக்கும். ஜூன் 1-ல அந்தப் பக்கமும் மூடிருவான். ஆக ஜூன் 1-லருந்து 14 வரைக்கும் ரெண்டு கடலும் பூட்டு. அந்த ரெண்டு வாரம் நீங்க நம்ம கிருஷ்ணகிரி டேமுக்குப் போய் ஜிலேபி மீன் வறுவல் சாப்புட்டுக்கோங்க, அதுவும் நல்லாதான் இருக்கும், நான் அதுக்கு எதிரி இல்ல.

காசு விசயத்துக்கு வர்றேன். நிவாரணம்னு மீனவக் குடும்பத்துக்கு 8,000 ரூபா. 61 நாளுக்கு வகுத்துப் பாருங்க, ஒரு நாளைக்கு 131 ரூபா. இங்க ஒரு கிலோ சங்கரா கூட வராது. அதுக்கும் மீனவர்னு பதிவு இருக்கணும். இங்கதான் என் பிரச்சனையே. காசிமேட்டுல ராத்திரி ஒரு மணிக்குப் போய் நின்னீங்கன்னா தெரியும், அந்த எடத்துல வேல செய்யறவங்கள்ல கடலுக்கே போகாதவங்க எத்தன பேருன்னு. ஐஸ் உடைக்கறவன், படகுலருந்து கூடை எறக்கறவன், தள்ளுவண்டிக்காரன், ஏலம் கூவறவர், கணக்கு எழுதறவர், வல பின்றவங்க, மீன் ஆயற அம்மாங்க, டீக்கடை, கழிவு மீன காயவெச்சு நாமக்கல் கோழித் தீவனத்துக்கு அனுப்பறவங்க, அப்புறம் என்னை மாதிரி டிஎன் 24, டிஎன் 29-ன்னு கிருஷ்ணகிரி, தர்மபுரி நம்பர் போர்டு போட்ட வண்டிக்காரனுங்க. படகு நின்னா இவ்ளோ பேருக்கும் வேல நிக்குது. ஆனா இதுல முக்காவாசிப் பேரு நிவாரண லிஸ்ட்ல இல்ல. எனக்குத் தெரிஞ்ச லோடுமேன் ஒருத்தருக்கும் இதுவரைக்கும் ஒத்த ரூபா வந்ததில்ல.

பன்னெண்டு வருசமா போய்ட்டு வர்றேன். மொத வருசம் அங்க யாரையும் தெரியாது, அவங்க பேசறது பாதி புரியாது, "இன்னா நைனா, ஓரமா போடு வண்டிய"ன்னு தொரத்துவாங்க. ஒரு நாள் ஐஸ் மெஷின் பக்கத்துல நின்னுட்டு இருந்தேன், ஒருத்தர் நம்பர் பிளேட்ட பாத்துட்டு வந்து "தம்பி கிருஷ்ணகிரியா"ன்னார். தர்மபுரி நல்லம்பள்ளி பக்கத்து ஊர்க்காரர். போரு வத்தி, மொளகா, தக்காளி எல்லாம் போய், பெங்களூர் சென்ட்ரிங் வேலைக்குப் போய் முதுகு புடிச்சுக்கிட்டு, யாரோ சொல்லி இங்க வந்தவர். கடல பாத்தே வளராத ஆளு. இப்பவும் படகுல ஏறுனா வாந்தி வரும்பாரு, கட்டிப் போட்ட படகுலயே.

அவர் வேல என்னன்னா பார் ஐஸ். ஒரு பார் அம்பது கிலோ. கொக்கிய போட்டு இழுத்து மெஷின் வாயில தள்ளணும், தூளாகி சறுக்குல ஓடி படகோட ஐஸ் ரூமுக்குள்ள விழும். பத்து நாள், பதினஞ்சு நாள் தங்கற படகுக்கு எவ்ளோ பார் போகும்னு நெனச்சுப் பாருங்க. ராத்திரி பூரா தண்ணியில நின்னு கால் விரல் இடுக்கு வெள்ளையா ஊறி பிஞ்சு கெடக்கும். வேல முடிஞ்சதும் மொதல்ல டீ குடிக்க மாட்டார். மடியிலருந்து ஒரு ரூபா தேங்கா எண்ணெ பாக்கெட்ட எடுத்து பல்லால கிழிச்சு, ஒவ்வொரு விரல் இடுக்கா தடவிட்டுத்தான் டீ. "ஏண்ணா கையுறை குடுக்க மாட்டாங்களா"ன்னு கேட்டேன். "குடுப்பாங்க, கொக்கி வழுக்கும் தம்பி, கொக்கி வழுக்குனா பார் கால் மேல வுழும்"ன்னார்.

இவருக்கு தடைக்காலம்னா ஊர். ஊர்ல ஏப்ரல், மே-ல என்ன வேல இருக்கு. அவர் வீட்டு அக்கா நூறு நாள் வேலைக்குப் போகும், இவர் மறுபடியும் பெங்களூர் பஸ் ஏறுவார், அதே முதுகோட.

படகுல போறவங்க நெலமையும் பெருசா மெச்சிக்கற மாதிரி இல்ல. அவங்களுக்கு மாசச் சம்பளம் கெடையாது, பங்கு. டீசல், ஐஸ், அரிசி மளிகை எல்லாம் மொதல்ல கழிச்சுட்டு மிச்சத்துல ஓனருக்கு ஒரு பாகம், ஆளுங்களுக்கு ஒரு பாகம். பாடு, அதாவது வலையில வர்ற மீன், நல்லா இருந்தா கையில நோட்டு பொரளும், இல்லன்னா பத்து நாள் கடல்ல கெடந்துட்டு வந்து முன்பணத்துல இன்னும் கொஞ்சம் கடன் ஏறும். இப்ப ஆந்திரா, ஒடிசா பசங்க நெறைய ஏறுறாங்க. அந்தப் பசங்க இந்தக் கரையில எந்த லிஸ்ட்லயும் வரமாட்டாங்கன்னு தனியா சொல்லணுமா.

பொம்பளைங்க கத வேற. ஏலத்துல கூடை எடுக்கணும்னா கையில காசு வேணும். காலையில 900 வாங்கி சாயங்காலம் 1,000-மா திருப்பற கணக்க கண்ணால பாத்துருக்கேன், அது ஒரு நாள் வட்டி மாமா, பேங்க்ல காசு போட்டா ஒரு வருசத்துக்குக் கூட அவ்ளோ வட்டி வராது. வித்துட்டு வீட்டுக்குப் போக பஸ்ல ஏறுனா நாத்தம்னு ஒரு பார்வ. 2021 டிசம்பர்ல குளச்சல்ல மீன் வித்துட்டு வந்த ஒரு அம்மாவ பஸ்ஸ விட்டே எறக்கி விட்டாங்க, அன்னைக்கு நாடே பேசுச்சு. நாலு நாளுதான்.

இப்ப என் மீன் கடைக்கு வாங்க. ஞாயித்துக்கிழம காலையில வந்து செவுள தூக்கிப் பாத்துட்டு "இன்னைக்கு புடிச்சதா"ன்னு கேப்பீங்க. இன்னைக்கு புடிச்சத இன்னைக்கே கிருஷ்ணகிரியில விக்கணும்னா நான் ஏரோப்ளேன் ஓட்டணும். வெள்ளிக்கிழம சாயங்காலம் ஏழு மணிக்கு கெளம்பி, வாணியம்பாடி, பள்ளிகொண்டா, வாலாஜான்னு டோல் டோலா கட்டிக்கிட்டு ராத்திரி ஒரு மணிக்கு மேல காசிமேடு, ரெண்டு மணிக்கு ஏலம், அஞ்சு மணிக்குள்ள தெர்மாகோல் பாக்ஸுல ஒரு வரிச ஐஸ் ஒரு வரிச மீன்னு அடுக்கி, மதியம் வீடு. அதுக்கு முன்னாடி அந்த மீன் படகு ஐஸ் ரூம்ல எத்தன நாள் இருந்துச்சோ. கடைசி நாள் வல போட்டது மேல இருக்கும், மொத நாளுது அடியில. மேல இருக்கறத எடுக்கத்தான் ஏலத்துல நான் முட்டி மோதறேன், அதுக்குத்தான் நீங்க குடுக்கற காசு. 2018-ல மீன் கெடாம இருக்க ஃபார்மலின் மருந்து கலக்கறாங்கன்னு நியூஸ் வந்தப்ப ரெண்டு மாசம் ஈ ஓட்டுனேன், ஒருத்தரும் வரல. மருந்த நம்பறவன் எதுக்கு ராத்திரி பூரா ஐஸுக்கு காசு குடுக்கறான்னு ஒருத்தரும் கேக்கல.

தடைக்காலம் வேணாம்னு நான் சொல்லவே மாட்டேன். 61 நாள் மூடுனதுக்கு அப்புறம் வர்ற மொத மீன்பாட்ட பாத்தவன் அப்படிச் சொல்ல மாட்டான், சும்மா கொட்டும். நான் கேக்கறது ஒண்ணுதான், மூடறப்ப கடலுக்குப் போறவன மட்டும் எண்ணாதீங்க, கரையில நிக்கறவனையும் எண்ணுங்க. துறைமுகத்துக்குள்ள போறதுக்கு வண்டிக்கு காசு வாங்கறீங்க, ரசீது குடுக்கறீங்க. உள்ள வேல செய்யற ஆளுக்கு ஒரு அட்டை குடுக்க முடியாதா. அட்டை இருந்தா பணம் வரலன்னாலும் கை கால் போனா ஆஸ்பத்திரியில சொல்லிக்க ஒரு எடம் இருக்கும். போன வருசம் கூடை எறக்கறப்ப வழுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடஞ்ச ஒரு பையன் மூணு மாசம் வீட்ல இருந்தான், டீக்கடையில நாங்க நாலு பேர் சேத்துக் குடுத்ததுதான் அவனுக்கு நிவாரணம்.

எனக்கு அட்டை வேணாம், எனக்கு மாங்கா இருக்கு. அந்த வகையில கிருஷ்ணகிரியில பொறந்தது புண்ணியம், கடல் மூடற நேரம் பாத்து தோப்பு தொறக்குது.

நேத்து ராத்திரி நல்லம்பள்ளி அண்ணன் ஃபோன் பண்ணார். காசிமேட்டுக்கு திரும்பிட்டாராம், மெஷினுக்கு பிளேடு மாத்தியாச்சு, 14-ந்தேதி ராத்திரி படகுங்க கெளம்புது, அதுக்குள்ள ஐஸ் ஏத்தணும்னு சொன்னார். "எப்ப தம்பி வர்ற"ன்னு கேட்டுட்டு, "வரும்போது மூணு கிலோ செந்தூரா மாம்பழம் எடுத்துட்டு வா, இங்க விக்கறது எல்லாம் கல்லு வெச்சுப் பழுக்க வெச்சது, மரத்துலருந்து அன்னைக்கே பறிச்சதா பாத்து எடு"ன்னார்.

சிரிச்சுட்டேன். எடுத்துட்டுப் போகணும். அதுக்கு முன்னாடி வண்டிய மறுபடியும் கழுவணும், இந்த தடவ மாங்கா பால் பிசுக்கு.