வர்த்தக எளிதாக்க ஒப்பந்தம் சுங்க வரியைக் குறைக்கச் சொல்லவில்லை

உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக எளிதாக்க ஒப்பந்தத்தில் சேர்ந்ததால் இந்தியா இறக்குமதி வரியைக் குறைத்தே ஆக வேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார், பலரும் அதைப் பகிர்கிறார்கள். அது சரியல்ல. 2016இல் இந்தியா ஏற்று, 2017 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த இந்த ஒப்பந்தம் பேசுவது நடைமுறையைப் பற்றி மட்டும்தான்: சுங்க விதிகளை இணையத்தில் வெளியிடுவது, சரக்கு வருமுன்பே ஆவணங்களை வாங்கிப் பரிசீலிப்பது, துறைமுகத்தில் சரக்கு தேவையில்லாமல் தேங்காமல் பார்ப்பது, இப்படி. நம் சிறு இறக்குமதியாளர்களுக்கு உண்மையிலேயே உதவக்கூடிய விஷயங்கள் இவை, அதனால்தான் தவறான பயம் பரவுவது வருத்தமாக இருக்கிறது.

நீங்களே சரிபார்க்கலாம். ஒப்பந்தத்தின் முழு வாசகமும் உலக வர்த்தக அமைப்பின் இணையதளத்தில் இலவசமாகவே இருக்கிறது. அதில் கட்டணங்கள் பற்றிய 6ஆம் பிரிவை மட்டும் திறந்து பாருங்கள், இறக்குமதி ஏற்றுமதி வரிகளுக்கு அந்த விதி பொருந்தாது என்று அங்கேயே வெளிப்படையாக எழுதியிருக்கிறது. அப்புறம் 2018 மத்திய பட்ஜெட்டையும் பாருங்கள்: ஒப்பந்தம் அமலுக்கு வந்து ஒரு வருடம்கூட முடியாத நிலையில் செல்போனுக்கான சுங்க வரியை 15 சதவீதத்திலிருந்து 20 ஆக இந்தியா உயர்த்தியது, இந்த ஒப்பந்தம் அதற்குத் தடையாக இருக்கவில்லை.