தலைவனைக் கேள்வி கேட்க யார் இருக்கிறார்கள்?

தொழில் நடத்துகிறவர்கள் ஆன்மிக நூல்கள் படிப்பதைப் பற்றிப் பேச்சு வந்தால், 'மன அமைதி கிடைக்கும்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். என் அனுபவத்தில் அந்தப் படிப்பு முதலில் அமைதியைக் கெடுக்கும். அதன் உண்மையான பயனே அதுதான் என்று நம்புகிறேன்.

பதவி உயர உயர, 'இது தப்பு' என்று நம்மிடம் சொல்கிறவர்கள் குறைந்துகொண்டே போவார்கள். நாம் வாயைத் திறக்கும் முன்பே தலையாட்டுகிறவர்கள்தான் மிஞ்சுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில், திரும்பத் திரும்பப் படித்த ஒரு நூல் உள்ளே உட்கார்ந்து கேள்வி கேட்கும்.

ஜப்பானியத் தொழிலதிபர் கசுவோ இனமோரி சிறுவனாக இருந்தபோது வீட்டில் சித்தப்பாவுக்குக் காசநோய். தொற்றிவிடுமோ என்ற பயத்தில் அந்த அறையைத் தாண்டும்போதெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாராம். கூடவே இருந்து பணிவிடை செய்த அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓடியவருக்குத்தான் நோய் வந்தது. படுக்கையில் கிடந்தவருக்குப் பக்கத்து வீட்டுப் பெண்மணி ஓர் ஆன்மிக நூலைக் கொடுத்தார். நோய் கிருமியால் வருவது, சரி. ஆனால் தன்னை மட்டும் காப்பாற்றிக்கொள்ளத் துடித்த தன் மனத்தை அந்தச் சிறுவன் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான்.

அவர்தான் 1959-இல் கியோசெரா என்ற பீங்கான் பாகங்கள் செய்யும் நிறுவனத்தைத் தொடங்கியவர். 1984-இல் தொலைத்தொடர்புத் துறையில் இறங்கும் முன், 'என் நோக்கம் நல்லதுதானா, இதில் சுயநலம் கலந்திருக்கிறதா?' என்று சுமார் ஆறு மாதம் இரவுதோறும் தன்னையே கேட்டுக்கொண்டார். குடித்துவிட்டு வந்த இரவிலும் அந்தக் கேள்வியை விடவில்லை. 1997-இல் பௌத்தத் துறவியாகத் தீட்சை பெற்றார். 2010-இல், 78 வயதில், திவாலான ஜப்பான் ஏர்லைன்ஸை சம்பளம் வாங்காமல் ஏற்று நடத்தினார். 2012-இல் அது மறுபடி பங்குச்சந்தைக்கு வந்தது. அந்தச் சீரமைப்பில் ஏறக்குறைய 16,000 பேர் வேலை இழந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆன்மிகம் படித்தவருக்கும் வலிக்கிற முடிவுகள் இருக்கும்.

படித்தாலே குணம் மாறிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். ஸ்டீவ் ஜாப்ஸ் பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையை ஆண்டுக்கொரு முறை படித்தவர். ஆனாலும் அவருடைய கடுஞ்சொல்லை உடன் வேலை பார்த்தவர்கள் மறக்கவில்லை. படித்ததை நம் மேல் திருப்பிக்கொள்ள வேண்டும். எனக்கு அது ஒரு முறையாவது நடந்தது.

மேலாளர் ஒருவர் பெரிய தவறு ஒன்றை மூன்று வாரம் மறைத்துவிட்டார். இரவில் உட்கார்ந்து பணிநீக்கக் கடிதத்தை எழுதி முடித்தேன். தூங்கப் போகும் முன் வழக்கம்போல் இரண்டு பக்கம் படித்தேன். கோபத்தின் வேரைத் தேடச் சொல்லும் பகுதி அது. போன பணத்துக்காகவா கோபம், அல்லது என்னை ஏமாற்றப் பார்த்தானே என்பதற்காகவா? பதில் எனக்குப் பிடிக்கவில்லை. அன்றிரவு தூக்கமும் இல்லை.

காலையில் அவரைக் கூப்பிட்டு, "ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டேன்.

வெகுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "போன முறை ஒருவர் சொன்னபோது நீங்கள் பேசிய பேச்சைக் கேட்டுக்கொண்டு நானும் அந்த அறையில்தான் சார் இருந்தேன்" என்றார்.

கடிதத்தை அழித்தேன். நஷ்டக் கணக்கை இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம்.