இலங்கையைப் பிரித்தது கடலா?

மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் சுமார் ஒரு மணி நேரம்தான். ஆனாலும் இலங்கைப் பேச்சு வந்தால் நம் ஆட்கள் ஒரே பாட்டுதான் பாடுவார்கள்: "அது தீவுங்க, கடல் பிரிச்சு வச்சிருச்சு, அதான் அங்க எல்லாமே தனி." எனக்கு இதில் உடன்பாடில்லை.

காட்டிலிருந்தே தொடங்கலாம். இலங்கையில் புலி கிடையாது, சிறுத்தைதான் ராஜா. தவளைகளில் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. கடல்தான் காரணம் என்று தோன்றும். ஆனால் பனியுகத்தில் கடல்மட்டம் நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்து கிடந்தபோது பாக் நீரிணை முழுக்கத் தரை. நடந்தே போயிருக்கலாம். அப்படியும் மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளும் இலங்கை மழைக்காட்டுத் தவளைகளும் அதிகம் கலக்கவில்லை என்கின்றன மரபணு ஆய்வுகள். குறுக்கே கிடந்தது வறண்ட சமவெளி. ஈரத்தோல் உயிர் அதைத் தாண்டாது. மே மாத வெயிலில் ராமநாதபுரத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

மனிதர்களுக்கோ அந்தக் கடல் வெறும் வழி. சிங்களவரின் முதல் ராஜா விஜயனுக்கு மதுரையில் பெண் எடுத்ததாக இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம் சொல்வதைக் கதை என்றே வைத்துக்கொள்வோம். 9ஆம் நூற்றாண்டில் நடந்தது கதையில்லை. பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் அங்கே போய் அடித்தான், அப்புறம் இலங்கை அரசன் இரண்டாம் சேனனின் படை இங்கே வந்து மதுரையைச் சூறையாடியது. சோழர்களிடம் தோற்ற ராஜசிம்ம பாண்டியன் மணிமுடியைப் பத்திரப்படுத்தியதும் இலங்கையில்தான். கண்டி அரசர்கள் மதுரை நாயக்கர் வழியில் பெண் எடுத்து, கடைசியில் 1739இல் ராணியின் தம்பியே அங்கே அரியணை ஏறினார். அந்த வம்சத்தின் கடைசி ராஜாவை 1815இல் பிடித்த ஆங்கிலேயர்கள் வேலூர்க் கோட்டையில் வைத்தார்கள். சம்பந்தி வீட்டுக்குப் போய்வருகிற மாதிரிதான் இருந்திருக்கிறது, சண்டை உட்பட.

பிறகு வந்தது கண்டிச் சீமை, அதாவது இலங்கை மலைத்தோட்டங்களின் காலம். 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் அங்கே காப்பித் தோட்டங்களைத் தின்று தீர்த்தது, அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. இரண்டுக்கும் கூலியாகப் போனவர்கள் மதுரை, ராமநாதபுரம், திருச்சிப் பக்கத்து ஜனங்கள். ஆள் திரட்டிய கங்காணி பின்னால் நடந்து, பிற்காலத்தில் மண்டபம் முகாமில் காத்திருந்து, கப்பலேறினார்கள். தீவின் ஏற்றுமதிப் பொருளாதாரமே அவர்கள் முதுகில்தான் நின்றது. அவர்களை 1948இல் ஒரு குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் நம் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்துக்கொண்டார்கள். போகிறாயா என்று அந்த ஜனங்களிடம் யாரும் கேட்கவில்லை. அதே ஆண்டு டிசம்பர் புயலில் தனுஷ்கோடியும் போனது. புயலைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறோம், ஒப்பந்தத்தைப் பற்றிப் பேச ஆளில்லை.

தீவாக இருப்பதற்கு விலையே இல்லை என்று சொல்ல வரவில்லை. நேபாளமும் பூட்டானும் நம்மோடு கம்பி வழியே மின்சாரம் கொடுத்து வாங்குகின்றன. இலங்கைக்கு அப்படி ஒரு கம்பி இல்லை. எரிபொருள் கப்பலில்தான் வர வேண்டும். 2022இல் டாலர் தீர்ந்ததும் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு.

இதற்காகப் பெரிய கடல்பாலம் போட வேண்டும் என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. அந்த ஆழமற்ற கடலில் பவளமும் கடற்புல்லும் என்ன ஆகும் என்று அவர்கள் சொல்வதில்லை. எனக்கு அவ்வளவு பெரிய ஆசையெல்லாம் இல்லை. தலைமன்னார்த் துறை வரை 2015இலேயே ரயில் பாதையை மறுபடி போட்டுவிட்டார்கள். இந்தப் பக்கம் 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலமும் திறந்தாயிற்று. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட முடிகிறது என்றால், அதைவிடக் கிட்ட இருக்கிற ராமேஸ்வரம்–தலைமன்னாருக்கு ஏன் முடியாது? மீனாட்சியைக் கும்பிட்டுவிட்டுப் புடவை வாங்கிப் போகிற சிலோன் குடும்பங்கள் விமானக் கட்டணம் கொடுத்துத்தான் தீர வேண்டுமா?