ஸ்கேனில் நீர்க்கட்டி இல்லாவிட்டாலும் பிசிஓஎஸ் இருக்கலாம்

ஸ்கேனில் நீர்க்கட்டி தெரியவில்லை என்றால் பிசிஓஎஸ் (பெண்களுக்கு வரும் சினைப்பை, ஹார்மோன் கோளாறு) கிடையாது என்று உங்கள் பதிவில் சொல்லியிருக்கிறீர்கள். அது சரியல்ல. 2003இல் ராட்டர்டாம் நகரில் மருத்துவ நிபுணர்கள் வகுத்த வரையறைப்படி மூன்றில் இரண்டு இருந்தாலே போதும்: ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண்ட்ரோஜன் என்னும் ஆண் ஹார்மோனின் மிகுதி (முகத்தில் அடர்ந்த முடி, தீராத பரு, அல்லது ரத்தப் பரிசோதனையில் தெரிவது), ஸ்கேனில் சினைப்பை பல நீர்க்கட்டிகள் கொண்டதுபோல் தெரிவது. முதல் இரண்டும் இருந்து, தைராய்டு கோளாறு, புரோலாக்டின் (தாய்ப்பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்) மிகுதி போன்ற வேறு காரணங்கள் இல்லையென்று தெரிந்தால், ஸ்கேன் இல்லாமலேயே முடிவுக்கு வரலாம். அப்புறம், அந்தக் 'கட்டிகள்' கட்டிகளே அல்ல. முழுதாக வளராத முட்டைப்பைகள். ஸ்கேன் நார்மல் என்று நம்பி, மாதக்கணக்கில் மாதவிடாய் வராமலேயே யாரும் சும்மா இருந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. உலக சுகாதார நிறுவனத்தின் இணையதளத்தில் பிசிஓஎஸ் பக்கத்தைத் திறந்து, நோயறிதல் பகுதியைப் படித்துப் பாருங்கள். இதே 'மூன்றில் இரண்டு' விதி அங்கே இருக்கிறது.