குடிதண்ணீர் ஹோஸும் பூந்தோட்ட ஹோஸும் ஒன்றல்ல

பழைய டொல்பின் வானையோ ஹையேஸையோ வாங்கி, பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, கட்டில், அடுப்பு, கை கழுவும் தொட்டி, தண்ணீர்த் தாங்கி எல்லாம் பொருத்தி, ஊர் ஊராகத் தங்கிப் போகும் வழக்கம் எங்கள் கிழக்கிலும் மெல்ல வேரூன்றி வருகிறது. அறுகம்குடாவில் அலைச்சறுக்குக் காலம் தொடங்கிவிட்டால் பொத்துவில் வீதியிலும், விடுமுறை நாட்களில் பாசிக்குடாவிலும் இப்படிப்பட்ட வான்களைக் காணலாம். அவற்றுக்குத் தாங்கியும் பம்பும் பொருத்திக் கொடுப்பது என் தொழில்களில் ஒன்று என்பதால் இதை எழுதுகிறேன். சூரிய மின்பலகைக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் நாள்கணக்கில் விசாரித்துப் பணம் செலவழிப்பவர்கள், தாங்கியை நிரப்பும் ஹோஸை மட்டும் புறப்படுவதற்கு முதல் நாள் ஹாட்வெயார் கடையில் எது மலிவோ அதில் பத்து மீற்றர் வெட்டித் தரச்சொல்லி வாங்கிக்கொண்டு போகிறார்கள். "தண்ணிதானே அண்ணே வரப்போகுது, எந்த ஹோஸா இருந்தா என்ன?" என்று என்னிடமே கேட்கிறார்கள். இதற்குக் கடை வாசலில் நின்று இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல முடிவதில்லை.

பூந்தோட்டத்துக்கு விற்கப்படும் பச்சை, மஞ்சள் ஹோஸ்களில் பெரும்பாலானவை பீ.வீ.சி.யால் ஆனவை. பீ.வீ.சி. இயல்பில் விறைப்பான பொருள். வீட்டுச் சுவரில் ஓடும் வெள்ளைக் குழாயும் அதுதான். அதை வளைந்து சுருளும்படி ஆக்குவதற்காக மென்மையாக்கும் இரசாயனங்களைக் கலக்கிறார்கள். பித்தலேற்றுகள் என்று சொல்லப்படும் அந்தச் சேர்மங்கள் ஹோஸின் எடையில் மூன்றில் ஒரு பங்களவுக்குக்கூட இருக்கலாம். அவை பிளாஸ்ரிக்குடன் இரசாயனப் பிணைப்பால் கட்டுண்டவை அல்ல. ஆகவே சிறிது சிறிதாகக் கசிந்து வெளியேறக்கூடியவை, சூடு ஏறினால் இன்னும் விரைவாக வெளியேறுபவை. பழைய முறையில் தயாரிக்கப்படும் பீ.வீ.சி.யில் வெப்பத்தைத் தாங்குவதற்காக ஈயச் சேர்மங்களும் சேர்க்கப்படுவதுண்டு. இணைப்புத் தலையில் இருக்கும் பித்தளையிலும் ஈயம் கலந்திருக்கலாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில், வானின் கூரையிலோ முற்றத்து மணலிலோ கிடக்கும் ஒரு ஹோஸுக்குள் நிற்கும் தண்ணீர் கை வைக்க முடியாத அளவுக்குக் கொதித்து வருவதை எங்கள் ஊரில் அறியாதவர் இல்லை. அரை அங்குல ஹோஸ் பதினைந்து மீற்றர் நீளத்தில் ஏறத்தாழ 2 லீற்றர் தண்ணீரைத் தன்னுள் வைத்திருக்கும். சூட்டில் ஊறிய அந்த 2 லீற்றர்தான் முதலில் தாங்கிக்குள் போகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வானில் தேநீர் ஊற்றினால் மருந்துக்கடை நாற்றம் வருகிறது என்றும், நீர் வழங்கல் சபை குளோரினை அள்ளிக் கொட்டுகிறது என்றும் பலர் குறைப்படுவார்கள். உன்னிச்சைக் குளத்து நீரைச் சுத்திகரித்து மட்டக்களப்புக்கு அனுப்பும்போது கிருமி அழிக்கக் குளோரின் சேர்ப்பது உண்மைதான். அது சேர்க்கப்படவும் வேண்டும். ஆனால் அந்த மருந்து நாற்றத்துக்குப் பெரும்பாலும் காரணம், தரமற்ற ரப்பரிலும் பிளாஸ்ரிக்கிலும் இருந்து கசியும் பீனோல் வகைச் சேர்மங்கள் குளோரினுடன் சேர்ந்து குளோரோபீனோலாக மாறுவதுதான். இது மிகச் சிறிய அளவில் இருந்தாலே நாக்கு கண்டுபிடித்துவிடும். ஆகவே அதே பைப்பிலிருந்து ஒரு கண்ணாடிக் கோப்பையில் நேரடியாகவும், இன்னொரு கோப்பையில் ஹோஸின் வழியாகவும் பிடித்து இரண்டையும் முகர்ந்து பாருங்கள். நேரடியாகப் பிடித்ததில் நாற்றம் இல்லாவிட்டால் குற்றம் சபையுடையது அல்ல.

அப்படியானால் எதை வாங்குவது? குடிதண்ணீருக்கென்றே தயாரிக்கப்பட்டு, அதற்கான சோதனையில் தேறிய ஹோஸைத்தான் வாங்க வேண்டும். அமெரிக்காவில் என்.எஸ்.எஃப். 61 என்ற நியமமும், பிரித்தானியாவில் டபிள்யூ.ஆர்.ஏ.எஸ். அங்கீகாரமும், ஜேர்மனியில் கே.டி.டபிள்யூ. குறியீடும், அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 4020 என்ற எண்ணுடைய நியமமும் இதற்காகவே இருக்கின்றன. ஐரோப்பியத் தயாரிப்புகளில் ஒரு கோப்பையும் முள்ளுக்கரண்டியும் சேர்ந்த சின்னம் காணப்பட்டால் அது உணவுடன் தொடுகைப்படத் தகுந்த பொருள் என்று பொருள். அமெரிக்கச் சட்டப்படி 2014 ஜனவரி முதல் குடிதண்ணீர் படும் குழாய்ப் பொருத்துகளில் ஈயத்தின் சராசரி அளவு 0.25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதற்கு மட்டுமான பொருட்களுக்கு அந்தச் சட்டம் விலக்களித்திருக்கிறது. தோட்ட ஹோஸின் உறையில் "இதிலிருந்து குடிக்க வேண்டாம்" என்ற எச்சரிக்கையைச் சில கம்பனிகள் அச்சிடுவதை நான் பார்த்திருக்கிறேன். தயாரித்தவரே குடிக்க வேண்டாம் என்று சொல்லும் பொருளின் வழியாகக் குழந்தைக்குப் பால்மா கரைக்கும் தண்ணீரைப் பிடிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

எங்கள் ஊர்க் கடைகளில் இந்தக் குறியீடுகளோடு ஹோஸ் எப்போதும் கிடைக்காது என்பதையும் நான் அறிவேன். சுருளின் உறையையும் ஹோஸின் மேல் அச்சிட்ட எழுத்துகளையும் காட்டச் சொல்லுங்கள். எதுவுமே அச்சிடப்படாத ஹோஸைக் குடிதண்ணீருக்கு எடுக்காதீர்கள். ஓரடித் துண்டு வெட்டி வாங்கி, ஒரு முனையை மடித்துக் கட்டி, உள்ளே தண்ணீர் நிரப்பி, ஒரு பகல் முழுவதும் வெயிலில் வைத்துவிட்டு முகர்ந்து பாருங்கள். புதுச் செருப்புக் கடை நாற்றம் வந்தால் விட்டுவிட வேண்டியதுதான். நாற்றம் இல்லை என்பதற்காக அது பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. ஆனால் நாற்றம் உள்ளதை ஒதுக்க இந்தச் சோதனை போதும். வெளிநாட்டில் உறவினர் உள்ளவர்கள், அவர்கள் ஊருக்கு வரும்போது பத்து மீற்றர் குடிதண்ணீர் ஹோஸ் ஒன்றைக் கொண்டுவரச் சொல்வதே நல்லது என்பேன். ஆனால் அமெரிக்க ஹோஸின் தலைப் புரி, அதாவது திருகிப் பூட்டும் வரிகள், அங்குலத்துக்கு பதினொன்றரை. நாங்கள் பாவிக்கும் பிரித்தானிய முறை முக்கால் அங்குலப் புரி அங்குலத்துக்கு 14. இரண்டும் முதல் சுற்றில் ஏறுவதுபோலக் காட்டிவிட்டு இறுகாமல் ஒழுகும். இடையில் மாற்றுத் தலை ஒன்று வேண்டும். புரியே இல்லாத பைப்புகளும் எங்கள் ஊரில் ஏராளம் என்பதால், கிளிப் போட்டு இறுக்கும் ரப்பர் தலை ஒன்றையும் கூடவே வைத்திருங்கள்.

நீளத்தைப் பொறுத்தவரை, கூடினால் நல்லது என்ற எண்ணம் வேண்டாம். தேவைக்கு மேல் நீளமாக இருந்தால் அழுத்தம் குறையும், உள்ளே தேங்கும் நீர் கூடும், காயவைப்பதும் சிரமம். 60, 80 லீற்றர்த் தாங்கிக்கு அரை அங்குலம் போதும். ஒளி ஊடுருவும் ஹோஸ் பார்ப்பதற்கு அழகாக இருந்தாலும் உள்ளே பாசி பிடிக்க வழி விடுகிறது. ஒளி புகாததே மேல். நடுவில் நூல் பின்னிய ஹோஸ் அழுத்தத்தைத் தாங்கும், மடிந்து அடைபடுவதும் குறைவு. தண்ணீர் இல்லாதபோது நாடாபோல் தட்டையாகிச் சுற்றக்கூடிய வகை இடத்தைச் சேமிக்கும், ஆனால் அதன் உட்புறம் இலகுவில் காயாது. தண்ணீர் வந்ததும் மூன்று மடங்கு நீளும் என்று விளம்பரம் செய்யப்படும் இழுபடும் ஹோஸை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. உள்ளிருக்கும் மெல்லிய ரப்பர் குழல் எங்கள் வெயிலுக்கு வெடித்துவிடும், துணி உறையும் அழுக்கையும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

எவ்வளவு நல்ல ஹோஸாக இருந்தாலும் அதை வேறு வேலைக்குப் பாவித்தால் வாங்கியதில் பயனில்லை. கழிவறைப் பெட்டியைக் கழுவ, சேறு பட்ட ரயரைக் கழுவ, மீன் பெட்டியைக் கழுவ வேறொரு ஹோஸ் வேண்டும். அது தூரத்திலிருந்தே தெரியும்படி வேறு நிறத்தில் இருக்க வேண்டும். பெற்றோல் கானுக்கு அருகில் குடிதண்ணீர் ஹோஸை வைக்கவே கூடாது, ஏனென்றால் எண்ணெய் ஆவி பிளாஸ்ரிக்கின் ஊடாகவே உள்ளே புகுந்துவிடும். சென்ற பருவத்தில் திருத்த வந்த ஒரு வானின் ஹோஸை நீளவாக்கில் பிளேட்டால் கிழித்துப் பார்த்தேன். வெளியே பளபளவென்றிருந்த அந்த ஹோஸின் உட்சுவரில் விரல் வைத்தால் வழுக்கும் பழுப்புப் படலம் ஒன்று முழு நீளத்துக்கும் ஒட்டியிருந்தது, முனையருகே செத்த எறும்புகள் திரண்டு கிடந்தன. பாவித்தவர்கள் அழுக்கானவர்கள் அல்லர். நிரப்பி முடிந்ததும் தண்ணீரை வடிக்காமல் சுருட்டி வைத்தார்கள், அவ்வளவுதான். 20 முதல் 45 பாகை செல்சியஸ் வரையான வெதுவெதுப்பில் லெஜியோனெல்லா போன்ற கிருமிகள் பெருகும் என்பதையும், வானின் சிறு ஷவரிலிருந்து வரும் நுண்துளிகளைச் சுவாசிப்பதன் மூலம் அவை நுரையீரலுக்குப் போகலாம் என்பதையும் குளிப்பதற்கு மட்டும்தானே என்று சொல்பவர்கள் கவனிக்க வேண்டும்.

ஆகவே நிரப்பி முடிந்ததும் ஒரு முனையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மறுமுனை வரை நடந்து முழுவதையும் வடியுங்கள். நிழலில் காயவிட்டு, இரு தலைகளையும் ஒன்றோடொன்று பூட்டி, தனிப் பையில் வையுங்கள். நிரப்பத் தொடங்குமுன் பைப்பின் வாயைத் துடைத்து, ஹோஸைப் பொருத்தி, ஒரு நிமிடமாவது தண்ணீரை நிலத்தில் ஓடவிடுங்கள். பருவத்தின் தொடக்கத்தில் வாசனை சேர்க்காத 5 சதவீதக் குளோரின் திரவத்தை ஒரு லீற்றர் தண்ணீருக்கு 1 மில்லிலீற்றர் என்ற கணக்கில் கலந்து, தாங்கியையும் ஹோஸையும் நிரப்பிச் சில மணி நேரம் வைத்துவிட்டு, நாற்றம் போகும்வரை அலசி ஊற்றுங்கள். வெள்ளத்துக்குப் பின்னர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் எங்கள் கிணறுகளுக்குக் குளோரின் இடுவதைப் பார்த்தே வளர்ந்த ஊர் இது. வானுக்கும் அதைச் செய்ய யாரும் தயங்க வேண்டியதில்லை.

ஹோஸின் நுனியைத் தாங்கிக்குள் ஆழமாகச் செருகிவிட்டுத் தேநீர் குடிக்கப் போவதையும் நிறுத்த வேண்டும். நடுவில் நீர் விநியோகம் நின்று குழாயில் அழுத்தம் இறங்கினால், தாங்கியில் உள்ள தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டு ஊர்க் குழாய்க்குள் போய்விடும். அடுத்த வீட்டுக்காரர் அதைக் குடிப்பார். நுனி நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும்படி பிடியுங்கள், முடிந்தால் திரும்பிப் பாயாத வால்வு ஒன்றைப் பைப்பில் பொருத்துங்கள்.

ஆடிவேல் காலத்தில் உகந்தையிலிருந்து காட்டுவழியாகக் கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்களுக்காக உழவு இயந்திரத்தில் தண்ணீர்த் தாங்கி கட்டிக் கொண்டுபோகும் அன்பர்களும், வரட்சியில் பவுசர் ஓட்டுபவர்களும் இதையே பார்க்க வேண்டும். அங்கே ஒரு ஹோஸிலிருந்து நூற்றுக்கணக்கானோர் குடிக்கிறார்கள். தண்ணீர் தானமாகக் கிடைக்கிறது என்பதற்காக அது வரும் வழியைக் கவனியாமல் விடுவது முறையல்ல. அறுகம்குடாவிலும் பாசிக்குடாவிலும் விடுதி நடத்தும் அண்ணன்மாரிடமும் அக்காமாரிடமும் ஒன்று கேட்கிறேன்: அலைப்பலகையையும் மணல் காலையும் கழுவும் பைப்பிலிருந்தே வான்காரருக்கும் தண்ணீர் கொடுக்காமல், நிலத்திலிருந்து உயர்த்திய, புரியுள்ள பைப் ஒன்றைக் குடிதண்ணீருக்கென்று ஒதுக்கி, அதற்கு மேலே எழுதி வையுங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு நாள் அறை வாடகையைக்கூட எட்டாது.

ஹோஸின் உட்சுவர் ஒட்டத் தொடங்கினாலோ, வளைக்கும் இடத்தில் வெடிப்புத் தெரிந்தாலோ, கழுவியும் நாற்றம் போகாவிட்டாலோ அதை மாற்றிவிடுங்கள். பழையதை வீசத் தேவையில்லை, பூமரங்களுக்குப் பாவிக்கலாம். அதற்கு முன்னர் இரண்டு முனைத் தலைகளையும் வெட்டி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் யாராவது ஒருவர் அவசரத்தில் அதையே மறுபடியும் வானுக்குப் பூட்டுவார்.