நிலாவை ஒட்டாதீர்கள், மரத்தைச் சுற்றி வாருங்கள்

நாலைந்து படங்களைச் சேர்த்து ஒரே இயற்கைப் படமாகப் போட்டால் போதும், யாராவது ஒருவர் வந்து "இதெல்லாம் போட்டோவா, போட்டோஷாப்" என்று எழுதிவிட்டுப் போவார். எழுதுவது அனேகமாக செல்போனில். அந்த செல்போனில் நைட் மோடு போட்டு ஒரு தடவை பட்டனைத் தொட்டால், அது வரிசையாகப் பல ஃபிரேம்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித்தான் ஒரு படத்தைக் கையில் தருகிறது. அதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை.

ஒட்டு வேலை போட்டோஷாப்போடு வந்ததும் இல்லை. 1850களில் படம் பதியக் கண்ணாடித் தகட்டில் பூசிய கொலோடியன் என்ற ரசாயனக் கலவையில் நீல ஒளி மட்டும் வெகு வேகமாகப் பதிந்துவிடும். கடல் சரியாகப் பதியும் வரை காத்திருந்தால் வானம் வெளுத்துவிடும், ஒரு மேகம் மிஞ்சாது. பிரெஞ்சுப் புகைப்படக்காரரான குஸ்தாவ் லெ கிரே வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் எடுத்து, தொடுவானக் கோட்டில் இரண்டையும் சேர்த்து அச்சிட்டார். அவருடைய படங்களில் ஒரே மேகக்கூட்டம் வேறு வேறு கடல்களின் மேல் நிற்பதைப் பார்க்கலாம். ஆள் கொஞ்சம் சிக்கனம் போல.

எனவே ஒட்டலாமா கூடாதா என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒட்டியதால் எனக்குப் புதிதாக என்ன தெரிகிறது? அதைத்தான் நான் கேட்பேன்.

நிலாவைப் பெரிதாக்கி ஒட்டிய ராட்சத நிலா படங்களில் அப்படிப் புதிதாக எதுவும் தெரிவதில்லை. வானத்தில் நிலாவின் அகலம் சுமார் அரை டிகிரிதான். மலை, ஏரி, காடு எல்லாம் அடங்கும்படி அகலமாகப் பிடிக்கும் வைட் லென்ஸ் படத்தில் அது ஒரு பொட்டு. மரத்துக்குப் பின்னால் நிலா பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால், மரத்தை விட்டு வெகுதூரம் தள்ளிப்போய் தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் நீளமான டெலி லென்ஸில் எடுக்க வேண்டும். அந்த அலைச்சல் இல்லாமல் ஒட்டியவை பார்த்த உடனே பல்லிளிக்கும். ஏரித் தண்ணீரில் நிலாவின் பிம்பம் இருக்காது. பிறை நிலாவின் இருட்டுப் பாகத்துக்குள் நட்சத்திரம் மின்னும். சிலவற்றில் மேகம் நிலாவுக்குப் பின்னால் போகும். பின்னால்!

இதற்கு நேர் எதிரான வேலை புகைப்படக் கலைஞர் பெப் வென்டோசாவுடையது. ஒரு மரத்தைச் சுற்றி வந்துகொண்டே படமெடுத்து, எல்லாவற்றையும் மெல்லிய லேயர்களாக ஒன்றன்மேல் ஒன்று போடுகிறார். நானும் இதைச் செய்து பார்ப்பதுண்டு. அடிமரம் ஒவ்வொரு படத்திலும் ஃபிரேமில் ஒரே இடத்தில் நிற்க வேண்டும், ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். அப்புறம் லேயர்களின் ஒபாசிட்டி, அதாவது அடியில் இருப்பதை ஒவ்வொரு லேயரும் எவ்வளவு மறைக்கிறது என்ற அளவு: அடியில் இருப்பது 100 சதவீதம், அடுத்தது 50, அடுத்தது 33, அதற்கு மேல் 25. இப்படிக் குறைத்துக்கொண்டே போனால்தான் எல்லாப் படத்துக்கும் சம பங்கு கிடைக்கும். முடிவில் அடிமரம் கெட்டியாக நிற்க, கிளைகள் நாலாபுறமும் நடுங்க, இலைகள் பச்சைப் புகையாகிவிடும். பின்னணியில் இருந்த கம்பம், வண்டி, ஆட்கள் எல்லாம் கரைந்து காணாமல் போவார்கள். ஒரு மரத்தைச் சுற்றி நடந்தவருக்கு மனதில் தங்குவது ஏறக்குறைய இந்த மரம்தான். ஓரிடத்தில் நின்று ஒரு கிளிக்கில் இதை எடுக்கவே முடியாது.

புகைப்படக் கலைஞர் சாவி போவின் பறவைப் படங்களும் அப்படித்தான். ஒரு பறவை பறப்பதைத் தொடர்ச்சியான ஃபிரேம்களில் பிடித்து, அவற்றை ஒரே வானத்தில் சேர்க்கிறார். சிறகடிப்பு முறுக்கிய கயிறு மாதிரி நீண்டு போகும். 1882 வாக்கிலேயே பிரெஞ்சு உடலியல் அறிஞர் எத்தியேன் ழூல் மாரே பறவை பறப்பதன் அடுத்தடுத்த நிலைகளை ஒரே தகட்டில் பதித்துக் காட்டினார். அவருக்கு அது உடலியல் ஆராய்ச்சி, போவுக்கு அது கலை. இரண்டிலுமே பறவை போன வழி நம் கண்ணுக்குத் தப்பாமல் நிற்கிறது.

ஒரு படத்தின் மேலேயே இன்னொன்றைப் பதித்து, முகத்துக்குள் காடு வளர்வது போலக் காட்டும் டபுள் எக்ஸ்போஷர் படங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் படத்தில் இருட்டாக இருக்கும் பகுதியில்தான் இரண்டாவது படம் நன்றாகப் பதியும், அதனால் நிழலுருவத்துக்குள் மரங்கள் அழகாக வந்து உட்காரும். முதலில் பார்த்தபோது சிலிர்ப்பாகத்தான் இருந்தது. இப்போது எந்த முகத்தைப் பார்த்தாலும் உள்ளே பைன் மரம்.

வனவிலங்குப் போட்டிகள் பலவும் இத்தகைய ஒட்டுப் படங்களைச் சேர்ப்பதில்லை. அது சரிதான். அங்கே படம் ஒரு சாட்சி. புலியும் மானும் ஒரே ஃபிரேமில் இருந்தால், அவை உண்மையில் அங்கே ஒன்றாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இப்படிச் சோதனை முயற்சியாக ஒட்டிச் செய்த படங்களுக்கென்று தனிப் பிரிவு வைப்பதில் என்ன கஷ்டம்? மூலப் படங்கள் அத்தனையையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள், எங்கே, எவ்வளவு நேரத்துக்குள் எடுத்தது என்று கேளுங்கள். முடிந்தால் அந்த மூலப் படங்களையும் பக்கத்திலேயே மாட்டுங்கள். நான் முதலில் அவற்றைத்தான் போய்ப் பார்ப்பேன்.