"வீட்டிலேயே ரெக்கார்டிங் பண்ணிடலாமே!"

இந்த வாரத்தில் மூன்றாவது முறையாக இது என் காதில் விழுகிறது: "லேப்டாப், மைக் எல்லாம் இருக்கே, ஸ்டூடியோவுக்கு எதற்கு வாடகை?" எதற்கா? பத்துக்குப் பத்து அறையில் நாதஸ்வரம் வாசிக்கக் கேட்டிருக்கிறீர்களா? நான்கு சுவரும் திருப்பி அறைகிற சத்தத்தில் அந்தக் குழைவு எங்கே கேட்கும்? மிருதங்கத்தின் கும்கி, அதாவது இடது பக்கத்து ஆழ்ந்த ஒலி, மூலையில் தேங்கி உருண்டுகொண்டே இருக்கும். மேலே மின்விசிறி, அடுக்களையில் குக்கர் விசில், தெருவில் தண்ணீர் லாரி. இதையெல்லாம் சேர்த்துப் பதிவு செய்துவிட்டு, "மிக்ஸிங்கில் சரி பண்ணிடுங்க" என்கிறார்கள். குரலோடு ஒட்டிப்போன எதிரொலியை எப்படி உரித்தெடுப்பது? சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் போதுமாம்! அது கீச்சென்ற உச்ச ஒலியைக் கொஞ்சம் மழுக்கும், அவ்வளவுதான். கும்மென்ற அடி ஒலி அப்படியே நிற்கும், வெளிச்சத்தமும் தாராளமாக உள்ளே வரும்.

உடனே, "அவர் வீட்டில்தானே பண்ணினார்" என்று இசையமைப்பாளர் ஏ.ஆர்.ரகுமானை இழுப்பார்கள். வீட்டை ஒட்டி அவர் தொடங்கியது ஸ்டூடியோ ஐயா, படுக்கையறை இல்லை!

அப்புறம், 30 வயலின்கள் ஒன்றாக வில் இழுக்கும்போது பெரிய கூடமே சேர்ந்து மூச்சு விடுமே, அதை எந்த மென்பொருள் தரும்? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, "சுருதி ஒரு இழை இறங்குது, இன்னொரு தடவை போகலாம்" என்று சொல்கிற ஒலிப்பதிவாளரின் காதுக்கு மதிப்பே இல்லையா? கோடம்பாக்கத்தில் ஒரு ஒலிப்பதிவுக் கூடம் மூடப்படும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.